புருஷன் உயிரோடிருக்க நான் விதவையாக நின்றது

கார் என்றால் அந்த ஆளுக்குப் பைத்தியம். நான் முதலில் கட்டிக்கொண்ட ஆளைச் சொல்கிறேன். தலவாக்கலை ரோட்டில் எங்கேயோ கார் வரும் சத்தம் கேட்டால் போதும், செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தேயிலைக்குள்ளேயே போட்டுவிட்டு ரோட்டோரத்துக்கு ஓடிவிடுவார். மலையில் வேலை பார்க்கவைக்கிற கண்டாக்கு ஐயா பார்த்துவிட்டு அரைநாள் சம்பளத்தை வெட்டினாலும் கவலைப்படமாட்டார். எந்தக் கார் எந்தத் துரையுடையது, எது மேட்டில் மூச்சு வாங்கும், எதன் ஹாரன் வாத்து மாதிரி கத்தும், எல்லாம் அவருக்கு மனப்பாடம். ராத்திரி நான் சோறு போடும்போது ஒவ்வொரு ஹாரனையும் வாயால் ஊதிக் காட்டுவார். எனக்குச் சிரிப்பு வந்து சோறு தட்டுக்கு வெளியே விழும். நல்ல மனிதர்தான். எனக்குப் புருஷனாக இருக்கத்தான் அவருக்கு வரவில்லை.

இதை நினைத்தால் இப்போதும் சிரிக்கிறேன். ஆனால் சொல்ல வந்தது சிரிப்புக் கதை இல்லை. என் வாழ்நாளில் நான் அத்தனை வெட்கப்பட்டது அந்த ஒரு காரினால்தான். எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல வீட்டில் எழுதுகிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான வருஷம் தோட்டத்துக்குப் புதுத் துரை வந்திருந்தார். ஜோடியாகக் குடித்தனம் பண்ணுகிறவர்கள் எல்லோரும் கல்யாணத்தைப் பதிய வேண்டும் என்று அவர் சட்டம் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் வாசலில் மேசை போட்டு ரெஜிஸ்தார் ஐயா உட்கார்ந்தார். அதே நாளில்தான் கம்பளியும் கொடுத்தார்கள். ஒரு மேசையில் கைநாட்டு, அடுத்த மேசையில் கம்பளி. கைநாட்டு வைக்காதவர்களுக்குக் கம்பளி இல்லை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வரிசை ஆபீஸைச் சுற்றிக்கொண்டு போனது. என் முறை வந்ததும் ரெஜிஸ்தார் மளமளவென்று எதையோ வாசித்துவிட்டு, "சம்மதமோ?" என்று கேட்டார். நான் அடுத்த மேசையில் கம்பளி தீர்ந்துவிடப் போகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "சம்மதந்தாங்க, சீக்கிரம் குடுங்க" என்றேன். அது கம்பளிக்கு வைத்த கைநாட்டு என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். நான் மட்டுமா? எங்கள் வரிசை வீட்டு லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். நல்ல கம்பளி. கறுப்பில் சிவப்புக் கரை போட்டது. மலையில் குளிர் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு நான் அவசரப்பட்டது ஏன் என்று புரியும்.

பிறகு அவர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஒருத்தியோடு பழகத் தொடங்கினார். எங்களுக்குப் பிள்ளையில்லை, அவளுக்கு வயிற்றில் வந்துவிட்டது. மாரியம்மன் கோயில் வாசலில் கங்காணி ஐயா பஞ்சாயத்து வைத்தார். எங்கள் ஆட்களுக்கு அதற்கென்று ஒரு முறை உண்டு. கங்காணி கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி அந்த ஆள் கையில் கொடுத்தார். "இந்தாளுக்கும் இந்தப் பொம்பளைக்கும் இன்னையோட ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல" என்று மூன்று தரம் சொன்னார். அவர் துரும்பைக் கிள்ளிப் போட்டார். நான் தாலியைக் கழற்றி வெற்றிலையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவ்வளவுதான். யாரும் யாரையும் திட்டவில்லை. அன்று மழை இல்லாததால் மத்தியானத்துக்கு மேல் நான் கொழுந்தெடுக்கக்கூடப் போனேன்.

ஒரு வருஷம் கழித்து என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டேன். அவருக்கு ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற ஃபாக்டரியில் வேலை. தேயிலை காயப்போடுகிற மாடியில் நின்று நின்று அவர் சட்டையெல்லாம் பச்சைக் கொழுந்து வாடுகிற வாசனை வீசும். பேச்சு குறைவு. பேசினால் குத்திவிட்டுத்தான் பேசுவார். அதே கோயிலில், அதே கங்காணி ஐயா முன்னால் மஞ்சள் தாலி கட்டினார். பதிகிற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அந்த வருஷம் கம்பளியும் கொடுக்கவில்லை.

கீழ்நாட்டில் மலேரியாக் காய்ச்சலில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்களே, அதற்கடுத்த வருஷம் நான் முதன்முதலாக வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு கொழுந்துக் கூடையோடு நடக்கும்போது, பிள்ளையில்லாதவள் என்று பேசினவர்கள் லயத்துக்கு முன்னால் வேண்டுமென்றே இரண்டு தரம் போய்வருவேன். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. தலவாக்கலை ரோட்டு வளைவில், பனிமூட்டத்தில், வேறு தோட்டத்துச் சின்னத் துரை ஒருவருடைய கார் அந்த ஆளை அடித்துவிட்டதாம். எப்போதும்போலப் பார்க்கத்தான் ஓடியிருக்கிறார். மூட்டத்தில் துரைக்கு இவரைத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்து செத்துப்போனார்.

நான் சாவுக்குப் போகவில்லை. போக எனக்கு என்ன முறை இருக்கிறது? குளித்துவிட்டு வந்து அடுப்பு மூட்டினேன். அழுகை வந்தது, புகை என்று சொல்லிவிட்டேன்.

கருமாதி முடிந்தபிறகு ஒரு சாயங்காலம் கங்காணி ஐயா எங்கள் லயத்துக்கு வந்தார். வீட்டுக்காரர் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் எங்கள் முன்னால் தலைப்பாகையைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"தாயி, ஒரு சங்கதி. மனசக் கெட்டியாக்கிக்கிட்டுக் கேளு. செத்துப்போனவனுக்குப் பொண்டாட்டி நீதானாம்."

வீட்டுக்காரர் கோடரியை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

"ஆபீசுல சொன்னாங்க. ஹட்டன் பெரக்கிராசியும் அதத்தான் சொல்றாரு." வக்கீலை அப்போது பிரக்கிராசி என்போம், எங்கள் வாயில் அது அப்படித்தான் வரும்.

"அப்ப நீங்க கிள்ளச் சொன்ன துரும்பு என்னாச்சுங்க?" என்று நான் கேட்டேன்.

கங்காணி தரையைப் பார்த்தார். "அது நம்ம கோயிலுக்குச் செல்லுமாம் தாயி. கோர்ட்டுக்குச் செல்லாதாம். அன்னைக்கு ஆபீசுல கைநாட்டு வச்சீங்கல்ல, அதுதான் கல்யாணமாம்."

"அது கம்பளிக்குங்க!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் யாருங்க?"

கங்காணி கையிலிருந்த தலைப்பாகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன்னயப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலப்பா."

விஷயம் இதுதான். காரோட்டிய துரை, செத்தவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்கச் சம்மதித்துவிட்டார். வழக்கு நடக்கிற ஹட்டன் கோர்ட்டில், நீதவான் முன்னால் கொடுக்கத் தயார். ஆனால் பதிந்த பெண்சாதி வந்து, நான்தான் அவர் மனைவி, இனி எனக்கு வழக்கில்லை என்று கைநாட்டு வைக்க வேண்டும். அது நான். நான் வைக்காவிட்டால் கீழ்ப்பிரிவுக்காரிக்கும் அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு சல்லியும் கிடையாது. அவளைச் சட்டத்துக்கு அடையாளமே தெரியாது.

"நீ யோசிச்சுச் சொல்லு தாயி" என்று கங்காணி தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சுவர் ஒன்றுதானே, பக்கத்துக் காம்பராக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். விளக்கேற்றுவதற்குள் வந்துவிட்டாள்.

"ஏடி, அப்ப நீ தாலிய அறுக்கணுமா, வேண்டாமா?"

"இது இவரு கட்டுனதுக்கா."

"அது எனக்குத் தெரியாதா? ஆனா செத்தவருக்கு நீதானே பொண்டாட்டிங்கிறாங்க. ஒருத்தரு செத்தா ஒரு தாலி எறங்கணும்ல? யாருகிட்டப் போய்க் கேக்கிறது இத?"

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட நிற்கும்போது பெண்கள் எல்லோரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு பெருமையாகத் தள்ளிக்கொண்டு நடந்த வயிற்றை, அன்று கூடைக் கயிற்றுக்குள் எப்படி ஒளிப்பது என்று தெரியாமல் தவித்தேன்.

வீட்டுக்காரர் அன்று சோறு வேண்டாம் என்றார். "செத்தவருக்குப் படைச்சிட்டு மிச்சம் இருந்தா குடு" என்றார். குத்திப் பேசுவார் என்று சொன்னேனே.

அடுத்த நாள் தூறலில் கீழ்ப்பிரிவுக்காரி வந்தாள். பஞ்சாயத்துக்குப் பிறகு நானும் அவளும் முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. எங்கேயாவது எதிரே வந்தால் அவள் மேல் பாதையில் ஏறிவிடுவாள், நான் கீழ்ப் பாதையில் இறங்கிவிடுவேன். இப்போது இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, படியேறாமல் தாவாரத்தண்ணீர் விழுகிற இடத்திலேயே நின்றாள்.

"அக்கா."

"நான் ஒனக்கு அக்கா இல்ல."

"சரிங்க." முந்தானையால் சின்னவளின் தலையைத் துடைத்தாள். "ஒங்க கைநாட்டு இல்லாட்டி இதுக ரெண்டுக்கும் ஒண்ணும் இல்லையாம். அவரு சாகிறப்ப ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெஸ்ஸரு ஐயா காதுல விழுற மாதிரி சொன்னாரு, வர்றதெல்லாம் எம்புள்ளைங்களுக்குன்னு. அதுவும் செல்லாதாம்."

"ஊரு முன்னால நான் அவரு பொண்டாட்டின்னு என்னைய சொல்லச் சொல்ற."

"ஆமாங்க."

"அது வேண்டாம்னுதானே அன்னைக்கு என்னைய வெரட்டுன?"

"ஆமாங்க."

இரண்டுக்கும் ஒரே ஆமாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அவள் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். கதவை மூடலாம் என்று எழுந்தேன். அப்போது கீழே ரோட்டில் ஏதோ லொறி போனது. அந்தச் சின்னவள், மூன்று வயசுகூட இருக்காது, கன்னத்தை உப்பி அந்த ஹாரனை ஊதிக் காட்டினாள். அச்சாக அவர் ஊதுகிற மாதிரி. அவள் அம்மா வெட்கப்பட்டு அதன் வாயைப் பொத்தினாள்.

"உள்ள வா. புள்ளைங்க நனையுதுல்ல" என்றேன். தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். சீனி இல்லை என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "போ" என்றார். கொஞ்சம் கழித்து, "நானும் வர்றேன். ஆனா என்னைய முன்னால உக்கார வைக்காத" என்றார்.

ஹட்டனுக்கு ரயிலில் போனோம். எனக்கு ரயில் என்றால் கொண்டாட்டம். குகைக்குள் போகும்போது கத்துவேன். அன்று கத்தவில்லை. ஒரு பலகையில் நான், எனக்குப் பக்கத்தில் கீழ்ப்பிரிவுக்காரி, எங்கள் மடியில் பிள்ளைகள். கங்காணி எதிரில். வீட்டுக்காரர் கதவுப் பக்கம் நின்றுகொண்டே வந்தார். சின்னவள் தூக்கத்தில் தலையை என் வயிற்றில் சாய்த்துக்கொண்டது. உள்ளேயிருந்து என் பிள்ளை அதை உதைத்தது. தள்ளி உட்காரவும் மனசு வரவில்லை, வீட்டுக்காரர் பக்கம் திரும்பவும் முடியவில்லை.

எங்களுக்காகப் பேசுகிற பிரக்கிராசி ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். கறுப்புக் கோட்டு, நெற்றியில் திருநீறு. அவர் பேசுவதை நான் பாதி காதால் கேட்டேன், பாதி முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். என்னையும் கங்காணியையும் தவிர மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார். நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். கேட்காமல் திரும்பினால் லயத்தில் யார் விடுவார்கள்?

"ஐயா, துரும்பு கிள்ளுனா தீராதுங்களா?"

"தீராது. கோட்டிலை வழக்கு வைச்சு, நீதவான் தீர்த்துவிட்டால்தான் தீரும். இல்லாட்டில் ஒருத்தர் செத்தால் தீரும். உமக்கு இப்ப தீர்ந்திட்டுது."

"அப்ப ரெண்டாவது கட்டுனது?"

"அது கலியாணமே இல்லை."

"மஞ்சத் தாலிங்கய்யா. கோயில்ல வச்சு."

"முதல் கலியாணம் இருக்கேக்கை எத்தினை தாலி கட்டினாலும் சரிவராது."

"சாகிறப்ப அவரு வாயால சொன்னாருங்களே, எல்லாம் புள்ளைங்களுக்குன்னு?"

"வாயாலை சொன்னது மரணசாதனம், உயில் எண்டு ஆகாது. எழுத்திலை வேணும். பத்திரம் எழுதிற நொத்தாரிசு முன்னாலை எழுத வேணும், இல்லாட்டில் ஐஞ்சு சாட்சியாவது கையெழுத்து வைக்க வேணும்."

"சுத்தி அஞ்சு பேருக்கு மேல நின்னாங்களாம்."

"நிண்டால் காணாது, அம்மா. எழுத்து எங்கை?"

எழுத்துக்கு நான் எங்கே போவது? அவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மேசையில் கிடந்த பேனாவைப் பார்த்தார்.

"இன்னொண்டும் சொல்ல வேணும். இந்தப் பிள்ளையும் சட்டப்படி செத்தவற்றை பிள்ளைதான். கலியாணம் தீராமல் இருக்கேக்கை வந்தது. நீதவான் கேட்டால் ஓம் எண்டு சொல்லும். பங்கும் கூடக் கிடைக்கும். தாலியைச் சட்டைக்குள்ளை விடும்."

கங்காணி அதைக் கேட்காதவர்போல ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் தாலியைச் சட்டைக்குள் விட்டேன். சட்டைக்குள் போனபிறகும் எல்லோருக்கும் அது தெரிகிற மாதிரியே இருந்தது.

கோர்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அதற்குமுன் நான் அவ்வளவு பெரிய அறையைப் பார்த்ததே இல்லை, ஸ்டோரைத் தவிர. நனைந்த குடை வாசனை. சிங்களக் கிராமத்து ஆட்கள் ஏதோ வேலிச் சண்டைக்கு வந்து பாதி பெஞ்சை நிறைத்திருந்தார்கள். ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற முதலாளி ஒருவர், எங்களுக்குத் தீபாவளிக்குச் சேலை கொடுக்கிறவர், அவரும் ஏதோ வேலையாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தெரிந்த முகம் என்றதும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். நீதவான் உயரத்தில் இருந்து இங்கிலீஷில் பேசுவார். கீழே நிற்கிற மொழிபெயர்ப்பு முதலியார் அதைத் தமிழில் சொல்வார், நாம் சொல்வதை இங்கிலீஷாக்குவார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் கூண்டுக்குப் போகிற வழியில் காரோட்டிய துரை உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். துரை ஒருவர் எனக்காக எழுந்து நிற்கிறார்! அவர் கண் சிவந்திருந்தது. புருஷனைப் பறிகொடுத்தவள் என்று நினைத்து நிற்கிறார். என் புருஷன் அங்கே கதவோரம் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பூமி பிளந்தால் அந்த இடத்திலேயே இறங்கியிருப்பேன்.

முதலியார் கேட்டார்: "செத்துப்போனவருடைய பெண்சாதி நீதானோ?"

"ஆமாங்க."

சொல்லிவிட்டேன். பொய் இல்லை, சட்டமே அப்படிச் சொல்கிறது. உள்ளதைச் சொன்னால், ஒரு நொடி எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. என்னைத் தள்ளிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாரே, கடைசியில் பொண்டாட்டி நான்தானே என்று. மறுநொடி அவள் இரண்டு பிள்ளைகளோடு பெஞ்சு நுனியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். குளிர்ச்சி போய் உடம்பெல்லாம் சுட்டது.

"பிள்ளையள் எத்தினை?"

"அவருக்கு ரெண்டுங்க."

நீதவான் என்னைப் பார்த்து இரக்கமாக ஏதோ சொன்னார். முதலியார் குரலையும் இரக்கமாக வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கினார். "வயித்திலை இருக்கிற பிள்ளையோடை மூண்டு எண்டு எழுதட்டோ எண்டு ஐயா கேக்கிறார். தகப்பன் முகம் பாராத பிள்ளை எண்டு கவலைப்படுறார்."

பிரக்கிராசி என்னைப் பார்த்துக் கண்ணால் ஆமாம் சொல்லு என்றார். கங்காணி தலையாட்டினார். நான் பின்னால் திரும்பினேன். கதவோரம் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். குடையிலிருந்து தண்ணீர் அவர் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"இல்லைங்க சாமி. இது அவரு புள்ள இல்லைங்க."

முதலியார் அதை இங்கிலீஷாக்கவில்லை. வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். "என்ன சொல்லுறாய்?"

"இது அந்தா குடையோட நிக்கிறாரே, அவரு புள்ளைங்க."

கோர்ட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேலிச் சண்டைக்காரர்கள், துணிக்கடை முதலாளி, போலீஸ்காரர், துரை, எல்லோரும்.

"அப்ப அந்த ரெண்டு பிள்ளையளும் உன்னுடையதோ?"

"இல்லைங்க. அது இந்தா ஒக்காந்திருக்காளே, இவ பெத்ததுங்க."

முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. தமிழ் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்ல, அவர்கள் ஒரு சுற்றுப் பிந்திச் சிரித்தார்கள். பிரக்கிராசி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சாகலாம்போல இருந்தது. ஆனால் நிறுத்தினால் எல்லாம் கெட்டுவிடும் என்று முந்தானையை எடுத்துவிட்டுச் சொன்னேன்:

"கம்பளிக்குன்னு நெனச்சுக் கைநாட்டு வச்சோங்க. கோயில்ல துரும்பு கிள்ளித் தீத்துக்கிட்டோங்க. அது செல்லாதுன்னு யாருக்குங்க தெரியும்? எனக்கு ஒண்ணும் வேண்டாங்க. அந்தப் புள்ளைங்க ரெண்டும் அவரோடதுங்க. கைநாட்டு எங்க வைக்கணும்னு சொல்லுங்க, வச்சிட்டுப் போறேன்."

நீதவான் மேசையைத் தட்டினார். துரையுடைய வக்கீல் எழுந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். அது நல்லதற்கு இல்லை என்று தொனியே சொன்னது. கீழ்ப்பிரிவுக்காரி பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்போது சின்னத் துரையே எழுந்து தன் வக்கீலின் கோட்டைத் தொட்டு இரண்டு வார்த்தை சொன்னார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பிறகு முதலியார் சொல்லித்தான் தெரியும்: அவள் யாராயிருந்தாலும் சரி, கொடுத்துவிடுங்கள், என்னால் இதற்குமேல் கேட்க முடியாது என்றாராம். அவருக்கும் என்னைப்போல வெட்கம்தான் போலிருக்கிறது.

நீதவான் எழுதினார். ரொம்ப நேரம் எழுதினார். கடைசியில் முதலியார் என்னிடம் சொன்னார்: "சட்டம் உன்னைத்தான் பெண்சாதி எண்டு சொல்லுது. காசை உன்ரை கையிலைதான் தருவினம். வெளியிலை போய் நீ அதை ஆருக்குக் குடுத்தாலும் கோட்டிலை ஆரும் கேக்க மாட்டினம். விளங்குதோ?"

நன்றாக விளங்கியது. கைநாட்டு வைத்து, துணியில் முடிந்து கொடுத்த காசை வாங்கினேன். கோர்ட்டுப் படியிறங்கியதும், கங்காணி சாட்சியாக நிற்க, துணிமுடிப்பை அப்படியே அவள் மடியில் வைத்தேன். அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. அவள் அழுதாளா என்று கேட்காதீர்கள், நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எங்களைத் தாண்டிப் போன வேலிச் சண்டைக்காரர்களில் ஒருவர் என்னைக் கைகாட்டிச் சிங்களத்தில் ஏதோ சொல்ல, கூட வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். நாங்கள் தோட்டத்துக்கு வருவதற்குள் எனக்குப் பட்டப்பெயரும் வந்துவிட்டது. ரெண்டு புருஷன்காரி. ரொம்பக் காலம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் அந்தப் பேச்சுதான்.

திரும்பும் ரயிலில் வீட்டுக்காரர் எனக்குத் தள்ளியே உட்கார்ந்தார். கொட்டகலையில் இறங்கி வடை வாங்கிக்கொண்டு வந்தவர், என் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தை நீட்டினார்.

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களே, அப்ப எங்க ஓடுறதுன்னு எனக்குத் தெரியல."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதாங்க?"

"இல்ல புள்ள. நீ மட்டும் ஆமான்னு தலையாட்டியிருந்தா, நான் அப்படியே கெளம்பி ராமேஸ்வரம் போயிருப்பேன்."

"துட்டு?"

"நடந்துதான்."

"கடல்ல?"

சிரித்துவிட்டார். எதிரில் கங்காணி ஐயா தூங்குவதுபோல இருந்தார், அவர் வயிறு குலுங்குவதை நான் பார்த்தேன்.

பிரக்கிராசி ஐயா ஒரு புத்தி சொல்லியிருந்தார். இப்போது நான் சட்டப்படி விதவை. இனி யாரைக் கட்டிக்கொண்டாலும் பதியலாம், பிள்ளை பிறப்பதற்குமுன் பதிந்துவிடுங்கள் என்று. அடுத்த தரம் ரெஜிஸ்தார் தோட்டத்துக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, நாங்களும் வரிசையில் நின்றோம். எனக்கு மாசம் நெருங்கியிருந்தது. முன்னாலும் பின்னாலும் புதுசாகக் கட்டிக்கொண்ட சின்னஞ்சிறுசுகள். என் வயிற்றுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

எங்கள் முறை வந்தது. "மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, "பெண் கன்னியோ, விதவையோ?" என்றார் ரெஜிஸ்தார். மேசையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

பின்னால் ஒரு குட்டி களுக்கென்று சிரித்தாள். தாலி கட்டின மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையை நான் எப்படிச் சொல்வேன்?

"வெதவைன்னு போட்டுக்குங்கய்யா" என்றார் வீட்டுக்காரர்.

"நீர் சொன்னால் காணாது. பெண் தன்ரை வாயாலை சொல்ல வேணும்."

நான் முந்தானைக்குள் ஏதோ முணுமுணுத்தேன். ரெஜிஸ்தார் காதில் விழவில்லை. வீட்டுக்காரர் குனிந்து, "சொல்லு புள்ள, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார்.

"வெதவைங்க."

"பலத்துச் சொல்லும்."

"வெதவைதாங்க!" என்று தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். ரெஜிஸ்தார் அப்போதுதான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் காதுவரைக்கும் சிவந்துபோய், அன்றுதான் கல்யாணமாகிற பையன் மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.